மூன்று முறை கேட்டும் அழிந்த புதன்கிழமை

கருப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும் புரோகிராம்களுக்கு, "செய்யட்டுமா, வேண்டாமா?" என்று கேட்கும் வரியை எழுதுவதும் ஒரு பிழைப்புதான், அந்த வரியைப் படிக்காமலே 'ஆம்' என்பதற்கு ஒய் (Y) அழுத்திவிட்டு முழிக்கிற நீங்களும் நானும் ஒரே சாதி. 2011-இல் மெல்பர்னுக்கு மேற்கே, கடைகளுக்குக் காய்கறி அனுப்பும் ஒரு கிடங்கின் ஆபீசில் எனக்கு அந்த வேலை. பக்கத்தில் பொயிண்ட் குக்கில் வாடகை வீடு, இரண்டு வயது மகள், வேலை நிலைக்குமா என்று பார்க்கும், இன்னும் முடியாத ஆறு மாத புரொபேஷன்.

இன்னும் ஒன்று வைக்கட்டுமா

சரக்கு அனுப்பி முடித்த நாட்களின் லாரிப் பட்டியல்களை அழிக்கும் புரோகிராமில் ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னார் மேலாளர் கிரெய்க். நான் மூன்று சேர்த்தேன். எங்கள் ஊரில் "இன்னும் ஒரு இட்லி?" என்று ஒரே தடவை கேட்டால் விருந்தாளி அரை வயிற்றோடு கை கழுவப் போய்விடுவார். மூன்றாவது தடவை சொல்வதுதான் நிஜமான பதில்.

"அழிக்கட்டுமா? நிஜமாகவா? யோசித்தாயிற்றா?" கிரெய்க் மூன்றுக்கும் ஒய் அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என் கல்யாணத்திலேயே சம்மதமா என்று ஒரு தடவைதான் கேட்டார்கள்."

விரலுக்குப் பழகிவிட்டது

அந்தப் புரோகிராமைத் தினமும் ஓட்டுகிறவர் வதனி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், தற்காலிக விசாவில் இருந்தார். ஒரே வாரத்தில் அவர் விரல் பாடம் படித்துவிட்டது: ஒய் என்டர், ஒய் என்டர், ஒய் என்டர். காதில் போன், கண் வாசலில் நிற்கும் லாரியில்.

"படிச்சுப் பாக்கிறீங்களா அக்கா?" என்றேன்.

"அது என்னத்தைக் கேக்கப் போகுது தங்கச்சி, நேற்றுக் கேட்டதைத்தானே."

புதன்கிழமை

ஒரு செவ்வாய் காலை, திங்கட்கிழமைப் பட்டியலை அழிக்க வேண்டிய அக்கா தேதியை மாற்றிப் புதன்கிழமையுடையதை அடித்துவிட்டார். மூன்று ஒய். மறுநாள் எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்ற விவரம் முழுதும் போயிற்று. கிரெய்க் அவரை அறைக்குக் கூப்பிட்டார். எழுந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை போனா விசாவுக்கு என்னத்தைச் சொல்லுவன்?" என்றார்.

எனக்கும் புரொபேஷன் முடியவில்லை. இருந்தாலும் பின்னாலேயே போனேன். "தேதியைத் தப்பாக அடித்தது அக்காதான். ஆனால் என் கேள்வி மூன்று தடவை கேட்டதே தவிர, அழியப்போவது எந்தக் கிழமை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை" என்றேன்.

கிரெய்க் கடைகளின் போன் நம்பர் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மூன்று பேருமாக ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு, மூன்று மணிக்குள் பட்டியலைத் திரும்ப எழுதி முடித்தோம். கடைசிக் கடையின் பெட்டிக் கணக்கையும் அடித்துவிட்டு அவர் சொன்னார்: "நீ கேள்வியை மாற்று. நான் ஆளை மாற்றப் போவதில்லை."

மஞ்சள் கப்

மாற்றச் சொல்லிவிட்டார். எப்படி மாற்றுவது? வழி என் மகளிடம் கிடைத்தது. "பால் வேணுமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் "நோ" வந்துவிடும். "எந்தக் கப்பில் வேணும்?" என்றால் மட்டும் ஒரு நிமிஷம் யோசித்து, "மஞ்சள்" என்பாள்.

மூன்று கேள்விகளையும் தூக்கினேன். அந்த இடத்தில் இப்படி வைத்தேன்: "புதன்கிழமைப் பட்டியல், 64 கடைகள். அழிக்க, கிழமையின் பெயரை முழுதாக அடிக்கவும்." வெறும் என்டர் தட்டினால் ஒன்றும் அழியாது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வதனி அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் பாதிச் சிரிப்பு. "இண்டைக்கும் தேதியைப் பிழையாத்தான் அடிச்சனான் தங்கச்சி. ஆனா நாளைக்குப் போற வெள்ளிக்கிழமையை என்ர கையாலயே எழுதி அழிக்க மனம் வரேல்லை."

புரொபேஷன் முடிந்த வாரம் அக்காவைச் சாப்பிட அழைத்தபோது மட்டும் பழையபடி மூன்று தடவை கேட்டேன், அங்கே அழிவது இட்லிதானே.