அக்காவின் சர்க்கரை, என் கைபேசியில்

லைப்சிக் நகரத்து ஜெர்மானியர்கள் அலுவலகக் கூட்டத்தில் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் சட்டைப்பை ஆம்புலன்ஸ் போல அலறும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா தேவகிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். அவள் மேல்கையில் பெரிய சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது. அது அவள் போனுக்குச் சொல்லும், அவள் போன் என் போனுக்குச் சொல்லும், என் போன் ஊருக்கே சொல்லும். பக்கத்து நாற்காலி யானா ஒருநாள் கேட்டாள், "உன் அக்கா சின்னக் குழந்தையா?" நாற்பத்துநாலு வயது என்றேன். "அப்படியானால் இதைப் பார்க்க அவரிடம் அனுமதி வாங்கினாயா?" அனுமதியா? அக்காவிடமா? "அவள் என் அக்கா" என்றேன், அதுவே முழு விளக்கம் என்ற நினைப்பில். யானா தலையை ஆட்டிவிட்டு, தனிநபர் தகவல் பாதுகாப்பு அதிகாரியின் முகவரியை எனக்கு அனுப்பிவைத்தாள். பாசம் தெரியாத ஜனம் என்று அன்று முழுக்கப் பொருமினேன். உண்மையில் போன விடுமுறையில் அக்காவின் போனைக் கேட்காமல் எடுத்து, சென்சார் செயலியில் நானே என்னைச் சேர்த்து, அவள் சார்பில் சம்மதப் பொத்தானையும் நானே அழுத்தியிருந்தேன்.

அக்காவுக்கு நோய் வந்தபோது அவளுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, உடம்பு இன்சுலினையே சுரக்காத வகை. தினமும் ஊசி. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் புதைத்த மண்குடத்துக்குள் மருந்துப் புட்டி உட்கார்ந்திருந்தது. தெருவுக்கு "வயித்துப் புண்ணு" என்று சொல்லிவைத்தார்கள், பெண் பிள்ளையாயிற்றே. அந்தக் காலத்தில் அக்காவுக்கு நான் செய்த பேருதவி, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அவள் பங்கு இனிப்பையும் சேர்த்துத் தின்றது. என் தொப்பைக்கு அடிக்கல் நாட்டியவள் அவள்தான். இருபத்துமூன்று வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தவள் உள்ளே போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஊசியை எடுத்து, "ரெண்டு பஜ்ஜி துன்னணும்னா இவ்ளோ போடணும்" என்று மாப்பிள்ளைக்கு விளக்கம் சொல்லி, வயிற்றில் குத்திக்கொண்டு, இரண்டு பஜ்ஜியையும் தின்றாள். அவர்கள் காப்பி குடிக்காமலே கிளம்பினார்கள். அம்மா அழுதாள். அக்கா, "காப்பி ஆறுது, யாருனா குடிங்கபா" என்றாள். குடித்தவன் நான்.

இப்படிப்பட்டவளைத்தான் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கண்காணிக்கக் கிளம்பினேன். சர்க்கரை மிகவும் இறங்கினால் மனிதர்களுக்கு ஒரு பிடிவாதம் வரும், எனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பார்கள் என எங்கோ படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பு என் பரம்பரைச் சொத்து. பக்கத்து வீட்டு மோகனா அத்தையிடம் சொல்லிவைத்தேன்: "நான் போன் பண்ணா சர்க்கரைத் தண்ணி எடுத்துக்கினு ஓடுங்க. அவ வேணாம்னு தான் சொல்லுவா. விடாதீங்க."

போன மாதம் ஒருநாள் அலறியது. ஐம்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி அலறியது. ஐம்பத்தொன்று. மோகனா அத்தையைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் அத்தை வெற்றிக் குரலில் பேசினார்: "மடக்கினு ஊத்திட்டேன் தம்பி. வேணாம் வேணாம்னு ஒரே சத்தம். நீ தான் சொன்னியே, அப்டி தான் சொல்லும்னு!"

அன்று அக்கா பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், பிணைத்துக்கொண்டிருந்தாள். தறியில் தீரப்போகும் பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் ஒரு இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரிக்கிற வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். இடதுகையைத் தறிக்கம்பத்தில் சாய்த்து மணிக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். சென்சார் இருப்பது இடதுகையில். அழுத்தினால் அது பொய் சொல்லும், இல்லாத இறக்கத்தைக் காட்டும். இதை எனக்கு அவள் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். அத்தை வந்தபோது விரலைக் குத்திப் பார்த்து, நூற்றிருபத்தாறு என்று கருவியை நீட்டியும் காட்டியிருக்கிறாள். "தம்பி ஜெர்மனில பாத்துட்டு சொல்லுது, அது பொய்யா?" என்று அத்தை வாயைப் பிடித்து ஊற்றிவிட்டார். பாதி உள்ளே போனது, பாதி பாவில் கொட்டியது. அக்காவின் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. சாயங்காலத்துக்குள் எறும்பு வரிசைகட்டிப் பட்டு இழைமேல் ஊர்வலம் போனது. இரண்டு நாள் வேலையை வெட்டியெறிந்துவிட்டு முதலிலிருந்து பிணைத்தாள்.

மறுநாள் காலையில் என் திரையில் அவள் சர்க்கரை அளவு இல்லை. என்னை நீக்கியிருந்தாள். கூப்பிட்டேன்.

"அக்கா, பயந்துட்டேன்கா."

"பயப்படு. யாரு வேணான்னா? உன் பயத்த எடுத்தாந்து ஏன்டா என் வாயில ஊத்துற?"

"நீ போனும் எடுக்கல..."

"கையெல்லாம் சாம்பல்டா! முப்பத்திமூணு வருசமா இந்த ஒடம்ப ஓட்டிக்கினு கீறேன். நான் நல்லா கீறேன்னு என் வாயால சொல்றேன், காட்டுறேன். அத நம்பல. எங்கியோ ஒக்காந்துக்கினு நீ சொன்னா நம்புறாங்க. இனிமே எனக்கு நெசமாவே எறங்கி நான் கத்தினாலும், நீ சொன்னா தான் வருவாங்களா?"

வாதாடுவதற்காக நான் சேர்த்துவைத்திருந்த மேற்கோள்களை எல்லாம் கணினியில் ஒவ்வொன்றாக மூடினேன்.

அவள் விதித்த நிபந்தனைகள் இரண்டு. அவள் கூப்பிட்டால் கூட்டமானாலும் எடுக்கவேண்டும். நான் கூப்பிட்டால் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கக்கூடாது. அத்தையிடமும் அவளே பேசி வேறு ஏற்பாடு செய்துகொண்டாள்: அக்கா சுவரை மூன்று தட்டுத் தட்டினால் மட்டும் வரவேண்டும்.

உறவுக்காரர்கள் சிலர், வேலையை விட்டு வந்து அவளைப் பார்த்துக்கொள் என்கிறார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, அது அவளேதான். ஐயோ பாவம் என்று அவளுக்காக உச்சுக்கொட்டுகிறவர்கள் ஒருநாள் அவள் முன்னால் உட்கார்ந்து கொட்டிப் பார்க்கட்டும். கடல் தாண்டி வீட்டுக் கூடத்தில் கேமரா மாட்டிவைத்திருக்கும் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: நாம் பார்த்துக்கொண்டே இருப்பது பல சமயம் அவர்கள் பிழைப்பதற்காக இல்லை, கிளம்பி வந்துவிட்ட நம் குற்றவுணர்வு தூங்குவதற்காக. நான் சொல்வது கசக்கிறதா? எனக்கும் கசந்தது.

சர்க்கரையை விட்டுவிட்டால் அக்காவிடம் பேச என்னிடம் எதுவுமே இல்லை என்பதைக் கண்டுபிடித்தேன். முதல் அழைப்பில் இரண்டு ஊர் வானிலையையும் பேசித் தீர்த்தோம். நேற்று டிராம் நிறுத்தத்தில் நின்று பேசும்போது அவள் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அவளும் பேசவில்லை. டிராம் வந்து கதவைத் திறந்தது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு, காதை மட்டும் பிள்ளையார்பாளையத்தில் வைத்து நின்றேன். கதவு மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் முனகியது. ஒலிபெருக்கியில் ஓட்டுநர் கத்தினார்.

"யார்ரா அது?" என்றாள் அக்கா.

"டிராம் டிரைவர்கா."

"இன்னா சொல்றாரு?"

"உள்ள வரியா, வெளிய நிக்கிறியான்னு கேக்குறாரு."

"நூல் அறுந்துச்சி, முடிச்சி போட்டுக்கினு இருந்தேன். அதுக்குள்ள ரெண்டு நாட்டையும் நிறுத்திட்டியா? அந்த மனுசனுக்கு பதில் சொல்லுடா."

காலை வெளியே இழுத்துக்கொண்டேன். டிராம் போனது. போனுக்குள் தறி மறுபடி ஓடத் தொடங்கியது.