அழிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை

சாரின் கைக்குட்டை எப்போதும் வெள்ளையாக இருக்கும். மாட்டுங்காவில் அவர் வீட்டில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து மடித்துக் கொடுப்பார்கள் போல. சாயங்காலம் கிளம்பும்போதுகூட அதன் மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து ஆபீசுக்குள் நுழைந்ததும் அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார். அழுத்தித் துடைக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். தாராவியில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ஒரு மனிதர் நாள் முழுக்க இப்படி அழுக்குப் படாமல் இருக்க முடியும் என்பதே ஆச்சரியமாக இருந்தது. இப்போது யார் கையிலாவது வெள்ளைக் கைக்குட்டையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

எங்கள் கம்பெனி அரசாங்கக் காண்ட்ராக்டில் ஒரு இணையதளத்தை நடத்தியது. மும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவை அனுப்பும் எண்கள் எங்களிடம் வந்து சேரும். யார் வேண்டுமானாலும் அந்தத் தளத்தைத் திறந்து, வரைபடத்தில் தன் பேட்டையைத் தொட்டு, தேதியைக் கொடுத்தால், அன்றைக்குத் தூசியும் வாயுவும் எவ்வளவு இருந்தன என்று ஒரு கோடு ஏறி இறங்கிக் காட்டும். பொதுமக்கள் கண்ணில் படுவதற்கு முன் அந்த எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. மழைத் தண்ணீர் புகுந்தாலோ, கரண்ட் போய் வந்தாலோ கருவிகள் உளறும். அப்படி உளறிய எண்ணை நீக்கிவிட்டு, பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். எனக்கு மேலே இருந்தவர் சார்.

அவரைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். என் இங்கிலீஷைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது, “அவ கணக்குல புலி, பேச்சு தானா வரும்” என்று சொல்லி என்னை எடுத்துக்கொண்டவர் அவர்தான். அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் வராந்தாவில் நின்றபோது, தனக்குத் தெரிந்த டாக்டரைக் கூப்பிட்டு, தானே நேரில் வந்து, அம்மா வார்டுக்குப் போகும்வரை கூடவே நின்றார். அம்மா அன்றிலிருந்து அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள், கோயிலில் பேசுவது போல.

தாராவியில் ரோடு போட எங்கள் குடிசையை இடித்தபோது, பதிலுக்குச் செம்பூருக்கு அப்பால் ஒரு மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தார்கள். சுற்றிலும் ஆலைகள். அழுகிய முட்டையும் பெயிண்டும் கலந்த மாதிரி ஒரு வாடை சில நாட்கள் இறங்கும். அது வந்தால் அம்மா முதலில் தண்ணீர்க் குடத்தை மூடுவாள், பிறகு சோற்றுப் பானையை, பிறகு ஜன்னலை. எதை மூடினாலும் வாடை உள்ளேதான் இருக்கும். சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், என் தலைமுடியில் ஏறி ரயிலில் என்னோடு வரும். பக்கத்தில் நிற்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே காற்றை அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. ஆனால் வாடை தாங்காத நாட்களின் கோட்டைத் தளத்தில் தேடினால், அது சமர்த்தாகப் படுத்திருக்கும். கருவிக்கு இந்த வாயு தெரியாது போலிருக்கிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அந்த நிலையத்தைச் சரிபார்ப்பவர் சார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு ஆபீசில் எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்தவர், எங்களை மட்டும் வீட்டுக்கு வந்து அழைப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். அன்றைக்கென்று வாடை என்றுமில்லாதபடி இறங்கியிருந்தது. கதவைத் திறந்தேன். கைக்குட்டையை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றார். அந்த மடிப்பு கலைந்து நான் பார்த்தது அப்போதுதான்.

“என்னம்மா இது! கண்ணெல்லாம் எரியறதே. நீங்கள்லாம் எப்படி இங்கே இருக்கேள்?”

“பழகிட்டு சார். இன்னிக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கு. உள்ள வாங்க, காப்பி ஆறிரும்” என்றாள் அம்மா. டம்ளரை ஒரு தட்டால் மூடிக் கொண்டுவந்தாள்.

இரண்டு மடக்குக் குடித்தார். குங்குமமும் பத்திரிகையும் கொடுத்தார். அம்மா இருமுவதைப் பார்த்து, “இந்த உடம்பை வச்சுண்டு இந்த நாத்தத்துலயா” என்றார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. போகும்போது, “நாளைக்கு ஆபீஸ் போனதும் நான் இதைப் பாக்கறேன்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை காலம் யாரும் நம்பாததை ஒருவர் தன் மூக்கால் அறிந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆபீசில் அந்த நிலையத்தைத் திறந்தேன். ஞாயிறு மதியத்துக்கு நேராகக் கோடு செங்குத்தாக எழும்பி நின்றது. கருவிக்குத் தெரிந்திருக்கிறது! சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி திறந்தபோது அந்தச் சிகரம் இல்லை. இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் தளம் தானாகவே ஒரு நேர்கோட்டால் இணைத்திருந்தது. எதுவுமே நடக்காத ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை. காரணம் என்ற இடத்தில் ‘கருவிக் கோளாறு’ என்றும், நீக்கியவர் என்ற இடத்தில் சாரின் பெயரும் இருந்தன. பழைய தேதிகளைப் புரட்டினேன். அம்மா குடத்தை மூடிய நாட்கள் எல்லாம் வரிசையாக அகப்பட்டன. அதே கோளாறு, அதே பெயர்.

அவர் அறைக்குப் போனேன்.

“சார், நேத்து நீங்களே அங்கே இருந்தீங்க. மூக்கைப் பொத்திக்கிட்டீங்க.”

“மூக்கு இன்ஸ்ட்ருமென்ட் இல்லம்மா. அதை வச்சு ரிப்போர்ட் எழுத முடியாது.”

“மெஷினும் அதையேதானே சார் காட்டிச்சு?”

அவர் முகத்தில் கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: “இப்படி எகிறி நின்னா வருஷ ஆவரேஜே கெட்டுப் போயிடும். காண்ட்ராக்ட் குடுத்தவா கேள்வி கேப்பா. இங்கே எத்தனை பேரோட வேலை இருக்கு, யோசிச்சுப் பாரு.” பிறகு அதே குரலில், “கல்யாணத்துக்கு அம்மாவைக் கட்டாயம் அழைச்சுண்டு வா” என்றார்.

எனக்கு அவர் சொன்ன காரணம்கூடப் பெரிதாகப் படவில்லை. முதல் நாள் எங்கள் வீட்டில் கலங்கிய அந்தக் கண்கள் பொய்யாக இருந்திருக்கலாமே என்று இருந்தது. பொய் என்றால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். அவர் நிஜமாகத்தான் கலங்கினார், நிஜமாகத்தான் அழித்தார். அந்த இரண்டும் ஒரே உடம்பில் சண்டையே இல்லாமல் குடியிருந்தன. அதைப் பார்த்தபோது வந்த அருவருப்பு, எங்கள் பேட்டை வாடையிலும் எனக்கு வந்ததில்லை.

காண்ட்ராக்ட் கொடுத்தவர்களுக்கு எல்லாத் தேதிகளையும் எழுதி அனுப்பினேன். என் மெயில் சாருக்கே திரும்பி வந்தது. அவர் அதை என்னிடம் காட்டி, “அவசரப்படறே” என்று மட்டும் சொன்னார். வேலையை விட்டேன். அம்மா கல்யாணத்துக்குத் தனியாகப் போனாள். “படியேறி வந்து கூப்பிட்டவிய, போகாம இருக்கக் கூடாதுட்டி” என்றாள். தாம்பூலப் பையும் லட்டுமாகத் திரும்பி வந்தாள். லட்டை என்னால் தொட முடியவில்லை.

இப்போது காட்கோபரில் ஒரு சிறு குழுவோடு வேலை செய்கிறேன். மொட்டை மாடிகளில் சின்னக் கருவிகள் வைத்து, வரும் எண்ணையெல்லாம் திறந்த தளத்தில் போடுகிறோம். சந்தேகமான எண்ணுக்கு வேறு நிறம் கொடுப்போம், எதையும் நீக்குவதில்லை. இந்தக் குளிர்காலத்தில் சார் போன் செய்தார். ஓய்வு பெற்று நவி மும்பை நேருளில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் கலவை ஆலை வந்துவிட்டதாம்.

“நம்ம பழைய சைட்ல காத்து சுத்தம்னு எல்லாம் பச்சையா காட்டறதும்மா. ஆனா எனக்கு மூச்சு முட்டறது. நீ ஒரு மெஷின் கொண்டுவந்து அளந்து சொல்லேன். எனக்கு மட்டும். பில்டிங் பேர் எங்கயும் வர வேண்டாம். ப்ளாட்டை வித்துட்டுப் பொண்ணுகிட்டப் போயிடலாம்னு இருக்கேன்.”

“வாங்கறது யாரு சார்?”

“டோம்பிவிலியில இருந்து ஒரு சின்னக் குடும்பம். கைக்குழந்தை வேற. பாவம்.”

அந்தப் ‘பாவம்’ பழைய தழுதழுப்போடுதான் வந்தது. “நாங்க வச்சா எல்லாருக்கும் தெரியும் சார்” என்றேன்.

“அப்போ வித்ததுக்கு அப்புறம் வையேன்” என்றார்.

அந்த வாரமே அவர் கட்டடத்துக்கு எதிரில் ஒரு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கடை மாடியில் கருவியைப் பொருத்தினோம். மறுநாள் வரைபடத்தில் புதிய புள்ளி கருஞ்சிவப்பாக எரிந்தது. டோம்பிவிலிக் குடும்பம் அதைப் பார்த்ததோ என்னவோ, வீடு வாங்கும் பேச்சை முறித்துக்கொண்டதாகச் சார் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். திட்டவில்லையாம், வருத்தப்பட்டாராம்.

அம்மா மூச்சு மருந்தை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தாள். “அவிய நமக்கு நல்லது செஞ்சவிய இல்லையாட்டி?”

“ஆமாம்மா” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.