பொன்னாங்கண்ணிச் சாறும் என் கண்ணாடியும்

கண்ணாடியைக் கழற்றினால் அரியலூர் எனக்கு அழகான ஊர். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளின் விளக்குகள் மாலை நேரத்தில் பெரிய மஞ்சள் பூக்களாக மிதந்து வரும். எதிர் வீட்டுச் சுவரும் வேப்பமரமும் ஒன்றோடொன்று கரைந்து கிடக்கும். கண்ணாடியை மாட்டினால் லாரி லாரிதான், தூசி தூசிதான். கிட்டப்பார்வை எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அந்த மங்கலை நான் ரகசியமாக ரசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பெரம்பலூரில் தாவரவியல் கடைசி வருடம் படித்தபோது உடையார்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. முந்திரித் தோப்பு உள்ள குடும்பம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் பெண் பார்க்க வருவதற்குள் என் பவரைக் கீரையாலேயே இறக்கிவிடுவது என்று அம்மா முடிவு கட்டினாள். காலையில் வெறும் வயிற்றில் பொன்னாங்கண்ணிச் சாறு, மதியம் முருங்கைக்கீரைப் பொரியல். ராத்திரியில் கீரை ஆகாது என்பதால் கொஞ்சம் தப்பித்தேன்.

கல்லூரி லேபிலும் அதே பொன்னாங்கண்ணியைத்தான் அரைத்துக்கொண்டிருந்தேன். சாற்றை வடிதாளில் ஒரு பொட்டு வைத்து, அடியை மட்டும் திரவத்தில் நனைத்து நிறுத்தினால் ஈரம் மெல்ல ஏறும். பச்சையிலிருந்து ஒரு மஞ்சள் கோடு பிரிந்து தனியாக மேலே போகும். சாப்பாட்டு மணி அடிப்பதுகூடத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த மஞ்சளுக்கு லூட்டீன் என்று பெயர், நம் விழித்திரைக்குள்ளும் அது இருக்கிறது என்றார் மேடம். அங்குள்ள செல்களை அது காப்பதாகச் சொல்கிறார்கள், கிட்டப்பார்வைக்காரர்களுக்கும் உதவுமா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும். ஆனால் நீண்டுவிட்ட விழி எந்தக் கீரைக்கும் சுருங்காது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். மேடத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அம்மா கேட்டாள்.

அந்த நாளும் வந்தது. அம்மா என் கண்ணாடியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். காபித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். பாயில் வெள்ளை வெள்ளையாகச் சில மேகங்கள் உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்றோடுதான் நான் ஆயுள் முழுக்க வாழ வேண்டும், எது என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை நாள் ரசித்த அந்த மங்கல் முதல்முறையாகப் பயமாக இருந்தது.

தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன். அரிசிக்குள் கையை விட்டுத் துழாவி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

“நானும் பாக்கணும்ல,” என்றேன்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர்தான் மாப்பிள்ளை. தலையை நிமிர்த்தினார். அவர் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகச் சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும், தினமும் படுக்கும்போது என் மூக்கில் தடவிப் பார்ப்பது. அவர் தன் அம்மா பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். என்னுடையதைவிடத் தடிமன்.

“நான் இன்னும் உங்கள பாக்கவே இல்லீங்க,” என்றார். “கொஞ்சம் இருங்க.”

மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா பொன்னாங்கண்ணியை இரண்டு கட்டாக வாங்கினாள். ஒன்று எனக்கு, இன்னொன்று உடையார்பாளையம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட.