தட்டின் கடைசியில் வரும் பெயர்

குணசேகரன் அந்த நாடக இசைத்தட்டைப் போட்டால் கடைசி வரை ஓட விடமாட்டார். மங்களம் பாடி முடிந்ததும், எங்கிருந்தாலும் ஓடி வந்து முள்ளைத் தூக்கிவிடுவார். கல்யாணமாகி வந்த நாள் முதல் செங்கமலம் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "அதுக்கு மேல கீறல். முள்ளு கெட்டுப்போகும்" என்பார். தட்டைத் துடைக்கும்போது வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். ஒரு கீறலும் இல்லை.

கொடும்பாளூரில் கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் ரேடியோ செட் கட்டிய காலத்துத் தட்டு அது. தொழிலை விட்டு, ஒலிபெருக்கிக் குழாய்களை எல்லாம் விற்றபோதும் அதை மட்டும் விற்கவில்லை. அதில் ஒரு பெண் குரல் வரும்போது அவர் முகம் போகிற போக்கு செங்கமலத்துக்குப் பிடிக்காது. சேக்காளியைப் பார்க்க என்று அடிக்கடி அறந்தாங்கிக்குப் போவார். எந்தச் சேக்காளியும் இதுவரை வீட்டுக்கு வந்ததில்லை. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

ஒருநாள் அவர் பஸ் ஏறியதும் தட்டைப் போட்டாள். மங்களம் முடிந்தது. கேட்கிறவர்கள் தேடி வந்து அடுத்த நாடகத்துக்கு அழைக்கட்டும் என்று நடிகர்கள் கடைசியில் பெயரும் ஊரும் சொல்வார்கள். அந்தக் குரலும் சொன்னது: "அறந்தாங்கி சின்னப்பிள்ளை."

சாயங்காலம் வந்தவரிடம் கேட்டாள். "யாருங்க அந்தச் சின்னப்பிள்ளை?"

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். "எங்க ஆத்தா."

"ஒங்க ஆத்தா செத்துப்போச்சுன்னீங்க."

"நாடகத்துக்குப் போனுச்சுன்னு எங்கப்பா தலைமுழுகிட்டாரு. அப்புறம் செத்த கணக்குத்தான்."

"அப்ப உசுரோட இருக்குற பொம்பளைக்கா ஆடி அமாவாசை தவறாம வடை சுட்டுப் படைச்சேன்?"

"வடை ஒண்ணும் வீணாப் போகலை. மறுநா கொண்டுபோய்க் குடுத்துருவேன். உப்புக் கூடன்னு சொல்லும்."

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்தா என்பதையும் அவள் நம்பவில்லை. மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு அறந்தாங்கிக்குப் போனாள். கதவைத் திறந்த கிழவிக்கு அப்படியே குணசேகரனின் மூக்கு. இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வடை சுடுற மருமகளா? உள்ள வா."

இப்போது சின்னப்பிள்ளை மகன் வீட்டில்தான் இருக்கிறாள். செங்கமலம் சோறு போடுகிறாள், பேச்சும் உண்டு. புருஷன் புதுக்கோட்டைக்குப் போவதாகச் சொன்னால் மட்டும், யாரைப் பார்க்க என்று கேட்டு, அவர் சொல்வதில் பாதியை நம்புகிறாள்.