வெள்ளச்சிக்குப் பேறுகாலம், எனக்குக் குற்றாலம்

ஓர் ஆடு குட்டி போடுவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து தென்காசிக்கு யாராவது ரயிலேறுவார்களா? நான் ஏறினேன். ஜூலை மாதம், சாரல் நன்றாக இறங்கியிருந்த வாரம். குற்றாலத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அருவி, பஸ், பரோட்டா எல்லாம் வரும். ஆடும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கால்நடை அறுவை மருத்துவர். முதுகுத்தண்டு மூடாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களில் பலருக்கு நடக்கக் கால் வராமல் போய்விடும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதைத் தைத்து மூடலாம். ஆனால் வெட்டுப்பட்ட கருப்பை சும்மா கிடக்காது. இறுகும், சுருங்கும், பிள்ளையை மாதம் முடியுமுன்பே வெளியே தள்ளப் பார்க்கும். அந்த ஆபத்தைக் குறைக்க வழி உண்டா என்றுதான் எங்கள் குழு ஆடுகளில் பார்க்கிறது. கடையம் போகும் சாலையில் ஒரு தனியார் பண்ணையில் எங்களுக்குச் சின்ன அறுவை அறை இருக்கிறது.

முந்தைய மூன்று ஆடுகளும் குறைமாதத்தில் ஈன்றன. ஒரு குட்டிகூடத் தங்கவில்லை. நான்காவதும் இப்படியே போனால் ஆராய்ச்சியை மூடிவிடுங்கள், வாயில்லா ஜீவனை வதைத்தது போதும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நியாயமான பேச்சுதான். அந்த மூன்று குட்டிகளையும் கையில் வாங்கியவள் நான். எனக்கே சோறு இறங்கவில்லை.

நான்காவது ஆட்டின் பெயர் வெள்ளச்சி. அதன் குட்டியின் முதுகில் நாங்களே ஒரு திறப்பை உண்டாக்கி, பிறகு வயிற்றுக்குள் வைத்தே அதை மூடினோம். இந்த முறை இரண்டு மாற்றங்கள் செய்தோம். கருப்பையை அமைதிப்படுத்தும் மருந்தை வேறு விதமாகக் கொடுத்தோம். ஆட்டைத் தனியாகக் கட்டுவதை நிறுத்தினோம். ஆடு மந்தையில் வாழ்கிற ஜீவன். தனியே விட்டால் மிரளும், மிரட்சியே வலியைக் கிளப்பிவிடலாம். அதனால் சினையில்லாத கிழட்டு ஆடு ஒன்றைத் துணைக்குக் கூடவே கட்டினோம். பண்ணையில் எல்லாரும் அதை மைனி என்று கூப்பிட்டார்கள். அண்ணன் மனைவி மாதிரி கூடவே இருந்து பார்த்துக்கொண்டதாம்.

மாதம் முடிய இன்னும் ஒன்றரை வாரம் இருக்கையில் கிளம்பினேன். இரவு ரயில் காலை எட்டு மணிக்குள் தென்காசியில் இறக்கிவிட்டது. குற்றாலம் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஏறி உட்கார்ந்தால் போதும். லாட்ஜில் அறை நாளுக்கு ஆயிரத்து இருநூறு. சீசனில் இதைவிடக் குறைவாகக் கேட்டால் மேனேஜர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். மதியம்தான் வருவேன் என்று பண்ணைக்கு முந்தின நாளே சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் தனி வரிசை. தண்ணீர் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டேன், ஜாக்கெட் தோளில் சாரல் பட்டுவிட்டது. கையில் பாலித்தீன் பைக்குள் இருந்த போன் அடித்தது. பண்ணை மேற்பார்வையாளர் சுடலைமுத்து அண்ணாச்சி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், லேசில் பதறாத ஆள்.

"மேடம், வெள்ளச்சி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு. காலால தரையப் பறிக்கி, படுக்கி, எந்திரிக்கி. இரை எடுக்கல."

முந்தைய மூன்றும் இப்படித்தான் ஆரம்பித்தன.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. ஆட்டோக்காரர் அறுநூறு கேட்டார், பேரம் பேசாமல் ஏறினேன். என் வாழ்க்கையில் அது முதல் தடவை. பண்ணை ஆட்டுக்கு முடியவில்லை, சீக்கிரம் போங்கள் என்றேன். ஆட்டுக்கா மேடம் இந்தப் பறப்பு பறக்குதீங்க என்று ஓட்டுநர் சிரித்தார். அது எதற்கான ஆடு என்று சொன்னேன். பிறகு, "அப்பம் நல்லா பிடிச்சு உக்காருங்க" என்றார். அதற்குப் பிறகு வந்த வேகத்தடைகள் எதையும் அவர் மதிக்கவில்லை.

பண்ணை வாசலில் பெரிய கோலம். கொட்டகைத் தூண்களுக்குப் புதுச் சுண்ணாம்பு. பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது. உள்ளே கழுவித் துடைத்த தரையில் வெள்ளச்சி மட்டும் ஒண்டியாக நின்று கத்திக்கொண்டிருந்தது.

"மைனி எங்க அண்ணாச்சி?"

"நீங்க வாரீங்கன்னு பின்னால கொண்டு கட்டிட்டேன் மேடம். கிழடு, மேலெல்லாம் அழுக்கு. இன்ஸ்பெக்சன் அன்னைக்கு அது அங்கன நின்னா நல்லாவா இருக்கும்?"

பட்டாளத்துப் புத்தி! அதிகாரி வருகிறார் என்றால் கண்ணில் படக்கூடாத எதுவும் கண்ணில் படக்கூடாது. மரியாதைக்குச் செய்ததுதான். ஆனால் எனக்கு வந்த கோபத்தில் அறிவா, புத்தியா என்று கேட்டுவிட்டேன். அவர் ஓடிப்போய் அழுக்கும் சகதியுமாக மைனியை இழுத்துக்கொண்டு வந்தார். வெள்ளச்சி அதன் கழுத்தை மோந்து பார்த்தது. கத்துவதை நிறுத்தியது.

வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், இறுக்கம் இருந்தது. ஸ்கேனில் குட்டியின் இதயம் ஒழுங்காகத் துடித்தது. மருந்தைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம், நான் ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக வயிறு தளர்ந்தது. வெயில் சாயும் நேரம் வெள்ளச்சி மைனியின் மேல் சாய்ந்து படுத்து அசை போட ஆரம்பித்தது. அசை போடுகிற ஆட்டைப் பார்த்து அழுத டாக்டர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குட்டி பிறக்கும்வரை நான் அருவிப் பக்கமே போகவில்லை. லாட்ஜைக் காலி செய்துவிட்டுப் பண்ணையிலேயே தங்கினேன். மாதம் முழுசாக முடிந்த பிறகு, ஒரு காலையில், யாரும் தொடாமல் வெள்ளச்சி தானே ஈன்றது. கிடா. தாய் அதை நக்கி முடித்தது. உயிரோடு வந்தது சரி, பின்னங்கால் வருமா? குட்டி முன்னங்காலை ஊன்றியது, சரிந்தது. மறுபடி ஊன்றியது. பின்பக்கம் ஆடி ஆடி மேலே எழுந்தது.

"நிக்கி மேடம்," என்றார் அண்ணாச்சி. "நாலு காலும் நிக்கி."

பட்டாளத்துக்காரர் அழுததை எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன். ஒரு குட்டியை வைத்து உலகத்தையே ஜெயித்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன், இன்னும் பல ஆடுகள் நிறைமாதம் காண வேண்டும். ஆனால் அன்றைக்கு ஜெயித்தோம். அது நிச்சயம்.

சாயங்காலம் ஐந்தருவிக்குப் போய் ஆசை தீர நின்றேன். மண்டையில் தண்ணீர் அடிக்கிற அடியில் மூன்று குட்டிகளின் பாரமும் கொஞ்சம் கரைந்தது. ராத்திரி, பரோட்டாவுக்குப் பேர்போன பிரானூர் பார்டரில் பரோட்டா, நாலு.

போகிறவர்களுக்கு: ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை சாரல் நன்றாக இருக்கும். சனி, ஞாயிறு வேண்டாம், தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், போலீஸிடம் வாதாடாதீர்கள். மாற்றுத்துணி இரண்டு செட் வேண்டும். மங்குஸ்தான் விலையை மூன்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது செய்தி வந்தது. ஆராய்ச்சி தொடரலாம், ஐந்தாவது ஆட்டுக்கும் அனுமதி. அண்ணாச்சியிடம் சொன்னேன். முகமெல்லாம் பல்லாக, அடுத்து எப்பம் வாரீங்க மேடம், கொட்டகையக் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சு வைக்கணும்லா என்று கேட்டார்.

சொல்லமாட்டேன் என்றேன்.