கொட்டச்சேடு பஸ்ஸுக்கு ஒரு லேப்டாப்

1. பதினோரு மணி போன்

ஏற்காட்டில் நவம்பர் மாதம் என் லேப்டாப் ரிப்பேர்க் கடைக்குள் முதலில் வருவது மூடுபனிதான். எதுவும் வாங்காது, போகவும் போகாது. அப்படி ஒரு காலையில் பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"அம்மணி, மிசினு வெரலப் புடிக்குது, பொறவு உட்டுடுது. ஒம்போது மணிலருந்து ஒருத்தரக்கூட முடிக்க முடியலீங்க."

பேசியவர் ரங்கசாமி. காப்பி எஸ்டேட் ஒன்றில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள்களுக்குக் காலையில் பேர் போட்டு, யார் எந்த வேலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் ரைட்டர் வேலை. இப்போது ஒரு சின்ன லேப்டாப்பும் கைரேகை ஸ்கேனருமாக ஊர் ஊராகப் போய், ஓய்வு பெற்ற தொழிலாளிகளுக்கு லைஃப் சர்டிபிகேட் பதிந்து தருகிறார். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருஷம் ஒருமுறை விரல் வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.

"எத்தன பேருங்க இருக்காங்க?"

"பன்னண்டு பேரு. கொட்டச்சேட்டுல ஊர்க் கூடத்துல உக்காந்திருக்காங்க. இன்னிக்குத்தான் கடேசி நாளுங்க."

அந்த லேப்டாப்பில் மாட்டியிருந்த ஒவ்வொரு சாமானையும் தேர்ந்தெடுத்தவள் நான். கடையைப் பூட்டி ஸ்கூட்டரை எடுத்தேன்.

2. பத்து நாள் முன்னால்

லேப்டாப்பை அவர் கொண்டுவந்தது உரச் சாக்கில் தைத்த ஒரு பையில். பதினோரு இஞ்ச் திரை, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை. மகள் உபயோகித்துவிட்டுக் கொடுத்தது. மொத்தத்துக்கும் ஒரே ஒரு டைப்-சி போர்ட். சார்ஜ் ஏறுவதும் அதில்தான், வேறு எதை மாட்டுவதும் அதில்தான்.

"ஏனுங்க அம்மணி, இதுக்கு என்னென்ன போட்டா நல்லா ஓடும்?"

சேலம், ஓசூர், பெங்களூரு என்று கால் நிற்காமல் சுற்றி, நாற்பதைத் தாண்டித்தான் இந்த மலையில் கடை போட்டேன். போன இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வியோடுதான் ஆள்கள் வருவார்கள். கேட்டதுமே கை பரபரக்கும். அடிமூடியைக் கழற்றினேன்.

"ரேம் ஏத்த முடியாதுங்க. போர்டோட சேத்து ஒட்டியிருக்கு."

"ஒட்டுனத எதுக்கு நோண்டோணும், உடுங்க."

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மெதுவான பழைய எஸ்.எஸ்.டி. இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். இரண்டு நிமிஷம் முக்கி எழுந்த மிஷின், ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் அடுத்தடுத்து எடுத்து வைத்தேன். ஏழு போர்ட் உள்ள ஹப்: ஒரு பக்கம் சார்ஜரை மாட்டலாம், இன்னொரு பக்கம் ஸ்கேனர், மௌஸ், டிவி எல்லாம் மாட்டலாம். வயர் இல்லாத மௌஸ். பனி இறங்காமல் கீபோர்டுக்கு ரப்பர் உறை. பஞ்சு வைத்த பை.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பேட்டரி எப்பிடிங்க இருக்குது?"

பார்த்தேன். பாதி செத்திருந்தது. "கொஞ்சம் வீக்குதாங்க. சார்ஜர மாட்டி வெச்சே வேல பாருங்க. கூடத்துல கரண்ட் இருக்குமில்ல?"

"இருக்கும். வரும், போவும்."

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. கை அதற்குள் ஹப்பின் டப்பாவைப் பிரித்துக்கொண்டிருந்தது.

மாட்டி முடித்து, என் டேபிளில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஸ்கேனர் ஒருமுறைகூட இணைப்பை விடவில்லை. விடாது. என் டேபிளுக்கு அடியில் யு.பி.எஸ். இருக்கிறது, ஏற்காடு முழுக்க இருண்டாலும் அந்த டேபிளுக்கு மட்டும் தெரியாது.

3. இரண்டாவது ஹப்

வழியில் பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றுவிட்டுப் போயின. ஹப் பழுதாகியிருக்கும் என்று முடிவுகட்டி வேறு கம்பெனி ஹப் ஒன்றை எடுத்துப் போனேன். டூல் பையில், யு.எஸ்.பி. வயரை டைப்-சி போர்ட்டில் மாட்ட உதவும் விரல் நீளச் சின்ன கன்வெர்ட்டரும் கிடந்தது; அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கூடத்தில் பன்னிரண்டு பேரும் சால்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். புது ஹப்பை மாட்டினேன். ஸ்கேனரில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் ஆள் விரலை வைத்தார். தலைக்கு மேலே பல்பு ஒருமுறை கண் சிமிட்டியது. ஸ்கேனர் அணைந்தது. ஸ்க்ரீனில், 'கருவி இணைக்கப்படவில்லை'.

மறுபடி முதலிலிருந்து. ஆதார் எண், பென்ஷன் எண், ஓ.டி.பி. விரலை வைக்கும் நேரத்துக்குப் பல்பு சிமிட்டியது. ஸ்கேனர் அணைந்தது.

அப்போதுதான் மேலே பார்த்தேன்.

பழுது எந்த ஹப்பிலும் இல்லை. சார்ஜர் வழியாக வரும் கரண்ட் ஒரு நொடி அறுந்தாலும் ஹப் தன்னை அணைத்துப் புதிதாக எழுந்திருக்கும். லேப்டாப் பேட்டரியில் தொடர்ந்து ஓடும், அதனால் வெளியே எதுவும் தெரியாது. ஹப்பில் தொங்கும் ஸ்கேனர் மட்டும் விழுந்து எழும். காற்றடித்தால் லைன் கம்பி ஆடும் ஊருக்கு, கரண்டில் தொங்கும் சாமானை விற்றிருக்கிறேன்.

"தப்பு என்னோடதுங்க," என்றேன்.

"அத அப்பறம் பேசிக்கலாம். இப்ப என்ன வழி?" என்றார் ரங்கசாமி.

ஹப்பைக் கழற்றினேன். சின்ன கன்வெர்ட்டரில் ஸ்கேனரை நேராக லேப்டாப்பில் மாட்டினேன். ஒரே போர்ட், ஸ்கேனர் மாட்டினால் சார்ஜ் ஏறாது. காலையிலிருந்து கரண்ட் வந்து வந்து போனதில் பேட்டரி நாற்பத்தொரு சதவீதம்தான் காட்டியது. கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பல்பு முழுதாக அணைந்தது. எங்கேயோ மரம் விழுந்திருக்கும், சாயங்காலம்தான் வரும் என்றார்கள். ரங்கசாமியிடம் இருந்த பவர் பேங்க், நெட் எடுக்கும் போனுக்கானது. லேப்டாப்பை அது அசைக்கக்கூடச் செய்யாது.

பாதி செத்த பேட்டரியில் நாற்பத்தொன்று என்றால் முக்கால் மணி நேரம். ஒரு ஆளுக்கு எண்களைத் தேடி, ஓ.டி.பி. வாங்கி விரல் வைக்கவே பத்து நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் நாலு பேர் வருவார்கள், எட்டுப் பேர் நிற்பார்கள்.

4. பேர் போடுதல்

ரங்கசாமி எழுந்தார்.

"அம்மணி, மிசின நீங்க பாருங்க. ஆளுகள நாம் பாத்துக்கறேன்."

முப்பது வருஷம் காலை ஏழு மணிக்குச் செய்த வேலையை அன்று மதியம் செய்தார். எல்லாரையும் சுவரோரம் வரிசையில் நிறுத்தினார். ஒரு தாளில் ஒவ்வொருவருடைய எண்களையும் எழுதினார். ஓ.டி.பி. வரும் போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்டு, மகனோ மருமகளோ தூரத்தில் இருந்தால் இப்போதே கூப்பிட்டு லைனில் இருக்கச் சொன்னார். அந்த நேரமெல்லாம் லேப்டாப் தூங்கியது. எல்லாம் தயாரான பிறகுதான் "திறங்க" என்றார்.

நான் ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும் மட்டுக்கும் குறைத்தேன். மௌஸும் அதற்கான யு.எஸ்.பி. டாங்கிளும் பைக்குள் போயின. அவர் எண்களைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

இன்னொரு வேலையும் செய்தார். பக்கத்து டீக்கடையிலிருந்து கடுங்காப்பி வரவழைத்து, அடுத்து வர வேண்டியவர் கையில் டம்ளரைக் கொடுத்தார்.

"குடிக்காதீங்க. சும்மா புடிச்சிருங்க. வெரலு சூடாகோணும்."

காப்பிப் பழம் பறித்துப் பறித்துத் தேய்ந்த விரல் குளிரில் காய்ந்திருந்தால் எந்த ஸ்கேனரும் படிக்காது. டம்ளரைப் பிடித்து வந்த விரலை முதல் தடவையே படித்தது. எந்தக் கடையிலும் விற்காத துணைக்கருவி அது.

ஆளுக்கு மூன்று, நாலு நிமிஷம். முப்பது சதவீதம், இருபத்திரண்டு, பதினான்கு.

கடைசி ஆள் காளியம்மாள். வரிசையில் நின்றபடியே வாய் ஓயவில்லை.

"இந்த ரைட்டரு அன்னிக்கு அஞ்சு நிமிசம் லேட்டுன்னா ஊட்டுக்குத் திருப்பி அனுப்புவாரு. இன்னிக்கு நாஞ் செத்துட்டேன்னு எழுதாம உட்டாச் செரி."

"நீ இன்னிக்கும் லேட்டுத்தான். வெரலக் காட்டு."

ஆள்காட்டி விரல் படியவில்லை. கட்டை விரல் படியவில்லை. ஆறு சதவீதம். டம்ளர் மறுபடி வந்தது. மோதிர விரலை வைத்தார். பச்சை விளக்கு. ஸ்க்ரீனில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரீன் கறுத்தது. பாதி செத்த பேட்டரிகள் கடைசி சதவீதங்களைப் பொய்தான் சொல்லும்.

பதிந்ததா இல்லையா என்று சொல்ல எனக்கு வழியில்லை.

போன் லைனில் இருந்த காளியம்மாளின் மகன் திருப்பூரிலிருந்து கேட்டார். "ஏனுங்க, என்னமோ மெசேஜ் வந்திருக்குது. வெற்றிகரமா பதிஞ்சாச்சுன்னு போட்டிருக்குது. அவ்வளவுதானுங்களா?"

காளியம்மாள் அந்தக் காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஆறிப் போச்சு," என்றார்.

5. திரும்பி வந்த சாமான்கள்

இரண்டு நாள் கழித்து ரங்கசாமி கடைக்கு வந்தார். ஹப்பை மேஜைமேல் வைத்தார்.

"ஏழு ஓட்டையில நாம் பொழங்குனது ஒண்ணுதானுங்க."

பஞ்சுப் பையும் திரும்பி வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்ததில் நனைந்து, காய இரண்டு நாள் ஆகியிருந்தது. உரச் சாக்குப் பைக்கு ஒன்றும் ஆகவில்லை. மௌஸும் ரப்பர் உறையும் வேண்டாம் என்றார். எஸ்.எஸ்.டி.யை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அது இருக்கட்டும். கூப்புட்டதும் நொம்ப சீக்கிரம் எந்திரிக்குது."

சேலத்திலிருந்து புது பேட்டரி வரவழைத்துப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. சின்ன கன்வெர்ட்டரை ஸ்கேனர் வயரோடு நூலால் கட்டிக் கொடுத்தேன், தொலையாமல் இருக்க. லேப்டாப்புக்கே சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் ஒன்றையும் காட்டினேன். எடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் பாக்கலாம்" என்று கீழே வைத்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஜி.பி.யிலும் வாட்டிலும் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது சின்ன லேப்டாப்போடு யார் வந்தாலும், எந்த பஸ்ஸில் போவீர்கள், போய் எங்கே உட்கார்ந்து திறப்பீர்கள், அங்கே கரண்ட் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறேன். ஊர் சுற்றும் மிஷினுக்கு முதல் செலவு பேட்டரி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

டேபிளுக்குப் பக்கத்தில் யு.பி.எஸ்.ஸில் சேராத பிளக் பாயிண்ட் ஒன்று வைத்திருக்கிறேன். எது மாட்டினாலும் கடைசியில் அதில்தான் சோதிப்பேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சுவிட்சை மூன்று தடவை போட்டு அணைப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்கள் பதறுவார்கள்.

"என்னங்க பண்றீங்க?"

"கொட்டச்சேடு போய்ட்டு வரேனுங்க," என்பேன்.