ஆறு, நாலு, ஐந்து, நாலு

என் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதைத் தவிர, அக்கம்பக்கத்தாருக்கு அவனைப் பற்றிப் பேச வேறு விஷயம் கிடைத்ததில்லை. நாற்பத்து நாலாவது வயதில் அவன் தோளில் ஒரு கிட்டாரை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து வந்த அன்று அந்தக் குறையும் தீர்ந்தது. எதிர்வீட்டுக்காரி என்னிடமே கேட்டாள், "உங்க தம்பிக்கு இப்பதான் மீசை முளைக்குதா?" என்று. எனக்கு வாய் சும்மா இருக்காது. "உங்க வீட்டுக்காரருக்கு முளைச்சதும் சொல்லுங்க, ரெண்டு பேரையும் சேர்த்து விட்டுடலாம்" என்றேன். அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். நல்லதாகப் போயிற்று.

கண்ணாடி வெட்டுவது அவன் தொழில். ஜன்னல், அலமாரிக் கதவு, குளியலறைத் தடுப்பு, கடைகளின் முகப்பு. கீழே பட்டறை, மேலே இரண்டு அறை. என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்ட நாளிலிருந்து அந்த இரண்டு அறையில் ஒன்று எனக்கு. நான் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வாங்கி மடிக்க வேண்டும்.

தொழில் செய்கிறவர்கள் அவனை, சாய்வு பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் சொல்லாமல் இருக்க மாட்டான். கல்யாண வீட்டுக்குப் போய் மணவறை கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன். முகத்துக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அவனுக்கு ஏன் பெண் கிடைக்கவில்லை என்பது எனக்குப் புரியாத மர்மமொன்றும் இல்லை.

இசைக்கருவி விற்கும் கடை ஒன்றுக்கு முகப்புக் கண்ணாடி அளவெடுக்கப் போயிருக்கிறான். உள்ளே யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் ஒரு கிட்டார் நடக்க, மேலே இன்னொன்று முனகி அழுதுகொண்டே கூட நடந்ததாம். எட்டிப் பார்த்தால் ஒரே ஆள். "இன்னொருத்தர் எங்கேன்னு கேட்டேன்கா. கடைக்காரர் சிரிச்சுட்டார். கட்டைவிரல் ஒரு ஆளாம், மத்த விரலெல்லாம் இன்னொரு ஆளாம்" என்றான். அந்த இசைக்கு ப்ளூஸ் என்று பெயர் என்றும், அடிபட்டவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பாடிக்கொண்டதில் பிறந்தது என்றும் சொன்னான். அன்று அவன் சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். வாய்க்குப் போகவில்லை.

மரத்தில் ஒரு கீறல் விழுந்த பழைய கிட்டாரைக் கடைக்காரரே கொடுத்தார். கைப்பேசியைக் கண்ணாடி வெட்டும் மேசையில் சாய்த்து வைத்து, அதில் வரும் பாடங்களைப் பார்த்துக் கற்க ஆரம்பித்தான். முதல் பாடமே அவனுக்குக் கோபத்தை வரவழைத்தது. ஆறு கம்பிகளில் தடித்தது ஆறாவது. அதைத் தளர்த்தி ஒரு முழு சுரம் கீழே இறக்கு என்றது பாடம். "சரியா நிக்கிற கம்பியை எதுக்குக்கா தளர்த்தணும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான், நான்தான் தளர்த்தச் சொன்னதுபோல. பிறகு இறக்கிப் பார்த்தான். அந்தக் கம்பியை ஒருமுறை மீட்டியதும் பட்டறைச் சட்டத்தில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன. மாடியில் என் காலுக்குக் கீழே தரை லேசாக நடுங்கியது. மறுநாள் தகடுகளுக்கு இடையில் ரப்பர் துண்டுகளைச் செருகினான். கம்பியை மட்டும் ஏற்றவில்லை.

கட்டைவிரல் ஆறாவது கம்பி, நாலாவது, ஐந்தாவது, மறுபடி நாலாவது என்று நிற்காமல் நடக்க வேண்டும். ஆறு, நாலு, ஐந்து, நாலு. மேலே மற்ற விரல்கள் என்ன செய்தாலும் அது கண்டுகொள்ளக் கூடாது. எட்டு மாதம் அவன் கட்டைவிரல் சாப்பாட்டுத் தட்டிலும் பேருந்துக் கம்பியிலும் தன் தொடையிலும் நடந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒரு நாள் அது தானாக நடக்க ஆரம்பித்தது. அதற்கு மேல் அவனே ஒரு பாட்டைக் கட்டினான். நாலு நிமிடம். வார்த்தை கிடையாது, பெயரும் கிடையாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை கட்டைவிரல் ஓரிடத்திலும் இடறாமல் ஒரே ஒரு தடவை வாசித்துவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. ஞாயிறுதோறும் காலையில் அதைக் கைப்பேசியில் பதிவு செய்வான். கேட்பான். "மூணாவது நிமிஷத்துல சாயுது" என்பான். அழிக்காமல் தேதி போட்டு வைப்பான்.

அப்புறம் கட்டைவிரல் பிந்த ஆரம்பித்தது.

கம்பியை மாற்றினான். விரலில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் வளையம் ஒன்று வாங்கினான். நாற்காலியை மாற்றினான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நான் சிரித்தேன். சிரித்ததை இன்றைக்கு நினைத்தால் என் வாயில் சூடு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அவன் பயிற்சியைக் கூட்டினான். ஒரு மணி நேரம் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. பட்டறையில் கீறல் போடும்போது கை வழுக்கி ஒரு கடைக் கதவுக் கண்ணாடி குறுக்கே ஓடிப் பிளந்தது. "நேத்து ரொம்ப வாசிச்சுட்டேன், கை அசந்துபோச்சு" என்றான். அந்த வாரம் கிட்டாரில் விரல் இடறியபோது, "கனமான கண்ணாடி தூக்கினேன், அதான்" என்றான். வேலை கெட்டால் வாசிப்பின் மேல் பழி, வாசிப்பு கெட்டால் வேலையின் மேல் பழி. இப்படியே எட்டு மாதம் இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு நின்றன. நானும் நம்பினேன். சலவைக்கூடத்திலிருந்து சூடான துண்டைச் சுற்றி எடுத்து வந்து ஒத்தடம் கொடுப்பேன். அப்போது கட்டைவிரலின் அடிச்சதை வற்றி, அங்கே ஒரு குழி விழுந்திருப்பதைப் பார்த்தேன்.

"என்னடா, மெலிஞ்சிருக்கு?"

"பழக்கத்துல இறுகுதுக்கா."

சரி என்று துண்டைச் சுற்றினேன்.

ஒரு காலையில் அவனால் பட்டறைப் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. அதற்குப் பிறகுதான் போனோம். நரம்பு மருத்துவர் ஒரு பெண்மணி. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. தசைக்குள் ஊசி செருகிச் சோதித்தார்கள். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் நோயாம். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்குமாம். அதை ஓர் ஆறுதலைப் போலச் சொன்னார். நிறுத்த மருந்து கிடையாது.

"எப்போ ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

தம்பி கைப்பேசியை எடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வரிசையாகப் போட்டுக் காட்டினான். "இதுல சரியா இருக்கு டாக்டர். இதுலயும் இருக்கு. இங்க பாருங்க, இங்கதான் பிந்துது." மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். இவ்வளவு துல்லியமாக யாரும் தேதி சொன்னதில்லை என்றார்.

அன்றைக்கே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். "பெருசா ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றார். பெரிதாக இல்லையென்றால் சிறிதாக ஏதோ மாறியிருக்கும் அல்லவா? அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், அந்தப் பயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில் போடு என்று கத்தினேன். அவன் பட்டறைக்குப் போய் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை எடுத்து மேசையில் போட்டான். "வாக்கா, கொஞ்சம் அழுத்து" என்றான். வெட்டும் சக்கரத்தை என் கை பிடித்து அழுத்த, அவன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நடத்தினான். ஓரங்களைக் கல்லில் உரசி மழுப்பினோம். பேச்சு போன பிறகு எழுத்தைக் கண்ணால் காட்டிப் பேசுவதற்கு அந்தத் தகடு. எதிரெதிரே உட்கார்ந்து நடுவில் பிடித்தால், அவன் எந்த எழுத்தைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் உயிரும் மெய்யுமாக முப்பது எழுத்தையும் எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, என் பக்கம் நேராக எழுதிவிட்டேன், அவன் பக்கம் எல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. அழிக்கப் போனேன். "விடுக்கா. கடைப் பேரையெல்லாம் உள்பக்கத்துல இருந்தே படிச்சு வளர்ந்தவன் நான்" என்றான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வலது கையில் கட்டைவிரல்தான் முதலில் முற்றாகப் போனது. சுண்டுவிரல் பக்கம் இன்னும் உயிர் இருந்தது. ஒரு ஞாயிறு காலை கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"பக்கத்துல உக்காரு. நீ கட்டைவிரலா இரு."

"எனக்குப் பாட்டும் தெரியாது, கூத்தும் தெரியாது. ஆளை விடு."

"கம்பியை இறக்கி வச்சிருக்கறதால எதையும் அழுத்த வேண்டாம்கா. மூணு கம்பியும் சும்மா அடிச்சாலே சேரும். குழந்தைகூட அடிக்கும்."

"அப்போ ஒரு குழந்தையைப் பெத்துக்கிட்டுக் கூப்பிடு."

வாய் சொன்னதே தவிர, முக்காலியை இழுத்துப் போட்டு அவன் வலது பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கைக்கு அடியில் என் கையை நுழைத்து, ஆறு, நாலு, ஐந்து, நாலு. மேலே மிச்சமிருந்த விரல்களால் அவன் பாட்டை வாசித்தான். நான் தாளத்தை முந்தி ஓடினேன். எப்போதும் ஓடினேன். சலவைக்கூடத்து உருளை யாருக்காகவும் நிற்காது. கை தாமதித்தால் விரிப்பு கருகும், அதற்கு மேல் தாமதித்தால் விரல் கருகும். பத்தொன்பது வருஷமாக அதற்குப் பழகிய கை. "ஓடாதேக்கா, ஓடாதே" என்பான். மெதுவாக்குவேன். பத்தே அடியில் மறுபடி ஓடும். நான் ஓடாத நாளில் அவன் விரல் மடங்கும். ஒரு நாள் மூன்று நிமிடம் தாண்டிவிட்டோம். கீழே யாரோ ஜன்னல் கண்ணாடி கேட்டு மணியடித்தார்கள். நாலு நிமிடத்தை நாங்கள் ஒரு தடவையும் தொடவில்லை.

அடுத்த மழைக்கு முன் இடது கையும் போயிற்று. பேச்சு குழறி, பிறகு நின்றது. பட்டறைச் சாமான்களை விற்று, இடத்தைக் காலி செய்து, கட்டிலைக் கீழே போட்டோம். நான் வேலையைக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். மூக்கில் மூச்சு இயந்திரத்தின் முகமூடி, வயிற்றில் உணவுக் குழாய். இவ்வளவுக்கும் நடுவில் அவன் கண்ணாடித் தகட்டைப் பிடிக்கச் சொல்லி எழுத்தெழுத்தாகச் சொன்னான்: அடி. மேலே எனக்குக் கேட்கும்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பாட்டு முழுக்க அவன் தலைக்குள் இருந்தது. அடியில் கட்டைவிரல் நடந்தால் போதும், அதன் மேல் அவன் உள்ளுக்குள் வாசித்துக்கொள்வான். நான் ஓடினால் அவன் பாட்டு உள்ளேயே சிதறும். எந்தக் கையும் இல்லாமல் படுத்திருந்தவன் அந்த நாலு நிமிடத்தை விடவில்லை. இப்போது அது என் ஒரு விரலில் இருந்தது.

தினமும் மதியம் கிட்டாரை மடியில் கிடத்தி அடித்தேன். ஓடினால் அவன் கண்ணை இறுக மூடுவான். நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சில நாள் தகட்டைக் கேட்டு, ஓ, ட், ஆ, த், ஏ என்று திட்டுவான். ஐந்து எழுத்தில் திட்டு வாங்குவதற்கு ஒன்றரை நிமிடம் ஆகும். நானும் திருப்பித் திட்டுவேன். எனக்கு அவன் மேல் கோபம், மருத்துவர் மேல் கோபம், என் கை மேல் கோபம். பாசம் என்று தனியாக எடுத்து வைக்க நேரமே இருக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்தபோதே எனக்குக் காய்ச்சல். அவனுக்குச் சளி கட்டி, நெஞ்சு கரகரத்துக்கொண்டிருந்தது. உறிஞ்சி எடுத்துவிட்டு உட்கார்ந்து அடித்தேன். கேவலமாக அடித்தேன். ஓடினேன், நடுவில் கம்பி மாறினேன், ஓரிடத்தில் நின்றே போனேன், மறுபடி தொடங்கி எப்படியோ இழுத்து முடித்தேன். அவன் ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை. தகட்டைப் பார்த்தான். எடுத்துப் பிடித்தேன். திட்டுக்குத் தயாராக இருந்தேன்.

ஒவ்வோர் எழுத்தாக, நடுவில் ஓய்வெடுத்து, கடைசி எழுத்துவரை விடாமல் சொன்னான்: நல்லா இருந்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யாருக்குடா பிச்சை போடற? என்ன நல்லா இருந்தது? எனக்குக் காது இல்லையா?" என்று கத்தினேன். அவன் தகட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இரு. ஒழுங்கா அடிக்கறேன், இரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆறு, நாலு, ஐந்து, நாலு. காய்ச்சலில் கை கனத்துக் கிடந்ததால்தானோ என்னவோ, ஓடவில்லை. கம்பியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிடம், அதற்கு மேலும் சில விநாடி. ஓர் அடிகூடத் தவறவில்லை. அவன் பாட்டு முழுதாக உட்கார இடமிருந்தது அதில். நிமிர்ந்து பார்த்தேன்.

தூங்கிவிட்டிருந்தான். எந்த அடியில் தூங்கினான் என்று எனக்குத் தெரியாது. முதல் நிமிடத்திலா, கடைசியிலா? எழுப்பிக் கேட்கலாமா என்று தகட்டைக் கையில் எடுத்தேன். மூச்சு முட்டாமல் அவன் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. தகட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்தும் அவன் விழிக்காததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை முடிந்துபோனான். அங்கே இருந்த இரண்டு நாளும் கண் திறக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.